கேளுங்க அக்கா: கட்டில்ல ஒட்டுற சிவப்பு ஸ்டிக்கர் யாரைக் காப்பாத்துது?

ரெண்டு இதழுக்கு முன்னாடி "ஆஸ்பத்திரியில உங்களை எப்படி நடத்தினாங்க, எழுதுங்க"ன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல, வாய்ஸ் மெசேஜ்ல பாதிக்கு மேல "பேரு போட்டுடாதீங்க"ன்னுதான் ஆரம்பிக்குது. அதனால யார் பேரும் போடல, ஊரையும் மாத்திதான் போட்டிருக்கேன். நான் 16 வருஷம் ஒரு அரசு ஏ.ஆர்.டி. சென்டர்ல (எச்.ஐ.வி.க்கு மாத்திரை குடுக்கற இடம்) கவுன்சிலரா இருந்தவ, எனக்குத் தெரிஞ்சதை வச்சு பதில் சொல்றேன். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

அக்கா, எனக்கு 41 வயசு. வீட்டுக்காரர் தவறி 9 வருஷம் ஆச்சு, அவர்கிட்ட இருந்துதான் எனக்கு எச்.ஐ.வி. வந்துச்சு. மாத்திரை ஒரு நாள் கூட விட்டதில்ல. கர்ப்பப்பையில கட்டி இருக்கு, எடுத்துடணும்னு சொன்னாங்க. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில தேதி குடுத்து அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. நம்பி நானே என் விஷயத்தை சொன்னேன். மறுநாள் போன் பண்ணி மயக்க டாக்டர் ஊர்ல இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. அங்க போனா கட்டில் தலைமாட்டுல சிவப்பு ஸ்டிக்கர். ஆபரேஷன் 3 தடவை தள்ளிப்போச்சு. தனி கிட் வெளிய வாங்கிட்டு வாங்கன்னு வேற சீட்டு எழுதிக் குடுத்தாங்க. இனிமே யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிடலாமான்னு தோணுது.
– ஒரு வாசகி, தேனி பக்கம்

தங்கச்சி, உண்மையை சொன்னதுக்கு உங்களுக்கு கிடைச்சது இதுதான்னா மறைக்கணும்னு தோணாம என்ன செய்யும். உங்க மேல தப்பே இல்ல.

முதல்ல சட்டத்தை சொல்லிடுறேன், இது நிறைய டாக்டர்களுக்கே சரியா தெரியாது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாடு சட்டம்னு 2017ல வந்துச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. எச்.ஐ.வி. இருக்குங்கற காரணத்துக்காக சிகிச்சை குடுக்க மாட்டேன்னு சொல்றது அந்தச் சட்டப்படி பாகுபாடு, அரசா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் ஒண்ணுதான். உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை ஊருக்கு காட்டக் கூடாது, உங்களுக்கு இருக்குன்னு வெளிய சொல்லச் சொல்லி, கோர்ட்டு உத்தரவு இருந்தா ஒழிய, யாரும் உங்களை கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனா ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்டயும் மயக்க டாக்டர்கிட்டயும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு சொல்லிடுங்க, இது அவங்களுக்காக இல்ல, உங்களுக்காக. இப்ப பெரும்பாலானவங்க சாப்பிடுற மாத்திரையில டோலுடெக்ராவிர்ங்கற மருந்து இருக்கு. ரத்தப்போக்கு இருந்தவங்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதுவாங்க, அதையும் இதையும் வெறும் வயித்துல ஒண்ணா போட்டா ஏ.ஆர்.டி. மாத்திரை உடம்புல சரியா ஏறாது. சாப்பாட்டோட சேர்த்துப் போடணும், இல்லன்னா ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேரம் விடணும். இது தெரியாம மூணு மாசம் இரும்பு மாத்திரையை கூடவே முழுங்கி வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸோட அளவு, ஏறி வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

இப்ப ஸ்டிக்கர் விஷயம். நான் வேலை பார்த்த காலத்துல ஒரு வார்டுல (எந்த ஊருன்னு வேண்டாம்) ஒரு பையன் அட்மிட் ஆகியிருந்தான், அவனுக்கும் இதே மாதிரி தலைமாட்டுல ஒட்டி வச்சிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா பக்கத்து கட்டில்காரங்க பார்க்கற பார்வையில அது என்னன்னு அந்தம்மாவுக்கு புரிஞ்சிடுச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு நகத்தால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுத்துட்டாங்க, காலையில அந்தம்மா கட்டைவிரல் நகத்துக்குள்ள சிவப்பா இருந்துச்சு. ஸ்டிக்கர் போயிடுச்சு, பசை போகல. அந்தப் பசையில தூசி ஒட்டி நாலு நாள்ல கருப்பா ஒரு சதுரம் ஆகிடுச்சு. அவன் டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு அந்தக் கட்டிலுக்கு வந்த நோயாளியோட சொந்தக்காரங்க அந்தக் கருப்பு சதுரத்தைப் பார்த்துட்டு கட்டிலை மாத்திக் குடுங்கன்னு சண்டை போட்டாங்க.

அந்த ஸ்டிக்கரால ஒரு நர்ஸுக்கோ ஒரு டாக்டருக்கோ பாதுகாப்பு கிடைச்சிருந்தா கூட பேசலாம், கிடைக்கல. எச்.ஐ.வி. புதுசா தொத்தினவங்களுக்கு முதல் சில வாரம் டெஸ்ட்ல நெகட்டிவ்னுதான் காட்டும். அப்ப ஸ்டிக்கர் இல்லாத கட்டில்ல இருக்கற ஆளுக்கு கையுறை போடாம ஊசி போட்டா என்ன ஆகும்? அதனாலதான் எல்லா நோயாளியோட ரத்தத்தையும் கிருமி இருக்கற ரத்தம் மாதிரியே நினைச்சு ஒரே மாதிரி கையாளணும்னு உலகம் முழுக்க விதி வச்சிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி கருவி சுத்தம். அப்படி செஞ்சா யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு அடையாளம் வைக்க வேண்டிய அவசியமே வராது. இது உடம்புக்கு வெளிய ரொம்ப பலவீனமான வைரஸ், ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில வச்ச கருவியில உயிரோட இருக்காது, தரையை பிளீச்சிங் கரைசல் போட்டு துடைச்சாலே போயிடும். "கடைசி கேஸா போடு"ன்னு நாள் முழுக்க பட்டினி போட்டு வச்சிட்டு சாயங்காலம் டைம் ஆச்சு நாளைக்குன்னு அனுப்பறாங்களே, அதுக்கு மருத்துவக் காரணம்னு ஒண்ணுமே கிடையாது.

ஆனா அதோட வலி மட்டும் ஏழைங்க தலையில விழுது. காசு இருக்கறவங்க இந்த ஊர்ல மாட்டேன்னா வேற ஊருக்குப் போய் பண்ணிக்குவாங்க. உங்களுக்கு ஒவ்வொரு தடவை தள்ளிப்போறப்பவும் கூலி போச்சு, துணைக்கு வர்றவங்க கூலி போச்சு, பஸ் சார்ஜ், அது போக ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. கூட கிட்டுக்கும் காசு. உங்களுக்கு போடற கையுறையும் கவுனும் எல்லாருக்கும் போட வேண்டியதுதான், அதுக்கு உங்ககிட்ட மட்டும் தனியா வாங்கறது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்யலாம்னா, அடுத்த தடவை தள்ளிப்போட்டா "காரணத்தை ஓ.பி. சீட்டுல எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க. சண்டை வேண்டாம், மெதுவா கேளுங்க. வாயால சுலபமா சொல்றதை பேப்பர்ல எழுத பல பேருக்கு கை வராது, பாதி இடத்துல அதுலயே வேலை நடந்துடும். நடக்கலன்னா 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு புகார் அதிகாரி இருக்கணும், அவர் யாருன்னு கேட்டு எழுதிக் குடுங்க. அதுக்கும் மேல, மாநில அரசு நியமிக்கற ஆம்புட்ஸ்மேன், அதாவது புகாரை விசாரிச்சு உத்தரவு போடறவர், இருக்கார். புகார் வந்த 30 நாளைக்குள்ள உத்தரவு போடணும், உயிர் அவசரம்னா கூடுமான வரைக்கும் 24 மணி நேரத்துக்குள்ள. அந்த உத்தரவை மதிக்கலன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அப்புறமும் இழுத்தடிச்சா ஒவ்வொரு நாளைக்கும் 5,000 வரைக்கும். எழுத வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா குடுப்பாங்க, போன் 15100. எச்.ஐ.வி. சம்பந்தமா எந்த சந்தேகம்னாலும் 1097, காசு கிடையாது. உங்க ஏ.ஆர்.டி. சென்டர் மெடிக்கல் ஆபீசர்கிட்டயும் சொல்லுங்க, அவர் ஒரு போன் போட்டா சர்ஜன் கேப்பார், இது நான் பலமுறை பார்த்தது. கட்டி ஆபரேஷனை இன்னும் தள்ள விடாதீங்க, ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு இந்த வாரமே பாருங்க.

நான் ஸ்டாஃப் நர்ஸ். நீங்க எப்பவும் நோயாளி பக்கமே பேசுறீங்க. ராத்திரி ஒரு வார்டுக்கு ஒரே ஆளா நிக்கறோம், கையுறை பல நாள் பத்தாது. எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு. பயப்படறது தப்பா?
– சேலம்

தப்பே இல்ல சிஸ்டர். நீங்க எழுதினது ரொம்ப நல்லதாப் போச்சு, ஏன்னா இந்தப் பயத்தை யாரும் உக்காந்து பேசித் தீர்க்காததாலதான் அது நோயாளி மேல போய் விழுது.

உங்களுக்கே தெரிஞ்ச கணக்குதான், இருந்தாலும் படிக்கறவங்களுக்காக சொல்றேன். எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு போட்ட ஊசி தெரியாம குத்திட்டா தொத்தற வாய்ப்பு 1000ல 3. ஹெபடைடிஸ் சி-ன்னா 100ல 2 வரைக்கும். ஹெபடைடிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவங்களா இருந்தா, 100ல 30 வரைக்கும் போகும். அந்த எச்.ஐ.வி. நோயாளி ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு ரத்தத்துல வைரஸ் தெரியாத நிலையில இருந்தா அந்த 3ம் இன்னும் கீழ இறங்கிடும். குத்திடுச்சுன்னா அமுக்கிப் பிழியாம சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லணும், தடுப்பு மாத்திரையை முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். அந்த மாத்திரை உங்க ஆஸ்பத்திரியில ராத்திரி 2 மணிக்கு யார்கிட்ட இருக்கு, சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியலன்னா நாளைக்கே கேளுங்க. நான் மேல சொன்ன அதே 2017 சட்டம்தான் உங்களுக்கும் கையுறை, பயிற்சி, தடுப்பு மாத்திரை எல்லாம் நிர்வாகம் குடுத்தாகணும்னு சொல்லுது. கையுறை பத்தலன்னா கோபப்பட வேண்டியது கட்டில்ல படுத்திருக்கறவங்க மேல இல்ல, ஸ்டோர்ல கையெழுத்து போடறவங்க மேல.

இன்னொண்ணும் கேக்கணும் சிஸ்டர். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் போட்டிருப்பாங்க. வார்டுல குப்பை அள்ளற, பெட்ஷீட் துவைக்கற காண்ட்ராக்ட் அக்காக்களுக்கு போட்டிருக்காங்களா? மூடி போடாத ஊசி கறுப்பு கவர்ல வந்து விழறது அவங்க கையிலதான். குத்தினா சொல்றதுக்கே பயப்படுவாங்க, வேலை போயிடும்னு. தினக்கூலிக்கு நிக்கற ஒரு அம்மா விரல்ல ரத்தத்தோட, சேலைத் தலைப்புல சுத்திக்கிட்டு மூணாவது நாள் என்கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க, "ஒண்ணும் ஆகாதுல்ல கண்ணு"ன்னு. நல்லவேளை 72 மணி நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. ஆரம்பிச்சிட்டோம், தப்பிச்சிட்டாங்க. அவங்களுக்கு சொல்லிக் குடுக்க உங்களால முடியும், நீங்க சொன்னா கேப்பாங்க.

எனக்கு கழுத்துல நெறி கட்டி, ஊசி போட்டு எடுத்துப் பார்த்துட்டு டிபின்னு சொன்னாங்க. நெஞ்சு எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் நார்மல். மாத்திரை 2 மாசமா சாப்பிடுறேன். மாமியார் தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிட்டாங்க, 3 வயசுப் பொண்ணை என்கூட படுக்க விடல. அம்மா வீட்டுக்குப் போய் முழுசா தீர்ந்ததும் வான்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் வாயே திறக்கல.
– வேலூர் பக்கம்

பொண்ணை இன்னைக்கு ராத்திரியே பக்கத்துல படுக்க வச்சுக்கோங்கம்மா. நெஞ்சுல டிபி இல்லாம கழுத்து நெறியில மட்டும் இருந்தா அது யாருக்கும் தொத்தாது. நெஞ்சு டிபியே இருந்தாலும் சரியான மாத்திரை ஆரம்பிச்சு சில வாரத்துலயே தொத்தற தன்மை வெகுவா கொறைஞ்சிடும், அதுவும் காத்து வழியா, இருமறப்ப வர்ற துளி வழியாதான் பரவும். தட்டுல, டம்ளர்ல, துணியில ஒட்டிக்கிட்டு பரவற வியாதி இல்ல. ஜன்னலைத் திறந்து வச்சா பிரயோஜனம் உண்டு, டம்ளரைப் பிரிச்சு வச்சா ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஆனா நம்ம ஊர்ல வியாதின்னதும் கை ஏன் முதல்ல டம்ளருக்குப் போகுதுன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். டீக்கடையில சிலருக்கு தனி டம்ளர் வச்ச ஊருங்க நம்மளுது. அங்க எந்தக் கிருமியும் இல்ல, சாதிதான் இருந்துச்சு. அந்தப் பழக்கம் அப்படியே வீட்டு சமையக்கட்டுக்குள்ள வந்து, சுகாதாரம்னு பேரு மாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. உங்க மாமியார் கெட்டவங்கன்னு சொல்லல, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே தடுப்பு முறை ஒதுக்கி வைக்கறதுதான்.

ஒதுக்கி வைக்கத் தேவையில்லன்னு உலகத்துக்கே நிரூபிச்சதும் நம்ம ஊருதான், இது எனக்கு எப்பவும் பெருமை. 1956ல மெட்ராஸ்ல, சேத்துப்பட்டுல, டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. ஏழை நோயாளிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. பாதிப் பேரை ஒரு வருஷம் சானடோரியத்துல (டிபி நோயாளிகளைத் தங்க வைக்கற ஆஸ்பத்திரி) நல்ல சாப்பாடு, ஓய்வோட வச்சு மருந்து குடுத்தாங்க. மீதிப் பேருக்கு அவங்க குடிசையிலயே, நெருக்கடியில, அரைகுறை சாப்பாட்டோட, அதே மருந்து. 1959ல முடிவு வந்தப்ப வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமாகியிருந்தாங்க. முக்கியமா, அவங்ககூட ஒரே ரூம்ல படுத்த வீட்டு ஆளுங்களுக்கு, சானடோரியத்துல இருந்தவங்க வீட்டு ஆளுங்களை விட அதிகமா ஒண்ணும் டிபி வந்துடல. அதுக்கப்புறம்தான் உலகம் முழுக்க டிபிக்காக ஆளைப் பிரிச்சு அடைச்சு வைக்கறது படிப்படியா நின்னுச்சு. இதை உங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டுங்க.

அம்மா வீட்டுக்குப் போறதுல இன்னொரு சிக்கல், மாத்திரை நடுவுல விட்டுப்போறது. ஊர் மாறினா கார்டை மாத்தணும், அலைச்சல், ரெண்டு வாரம் விட்டுப்போகும், அப்புறம் மருந்துக்கு அடங்காத டிபியா மாறுற ஆபத்து. நான் பார்த்த வரைக்கும் வீட்டு ஆம்பளைக்கு டிபி வந்தா பாலும் முட்டையும் வரும், மருமகளுக்கு வந்தா பெட்டியைக் கட்டுவாங்க. சிகிச்சை முடியற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக உங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரணும், 2024 நவம்பர்ல இருந்து 500ஐ 1,000 ஆக்கினாங்க. வருதான்னு பாருங்க, வரலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல டிபி ஹெல்த் விசிட்டர்கிட்ட பாஸ்புக் ஜெராக்ஸ் குடுங்க. அந்தக் காசு உங்க சாப்பாட்டுக்கு, வீட்டு கேஸுக்கு இல்ல.

தப்பு பண்ணி வாங்கிட்டு வர்ற வியாதிக்கு நம்ம வரிப்பணத்துல இலவச மாத்திரை எதுக்கு?
– ஈரோடு

கேள்வியை அப்படியே போட்டிருக்கேன், ஏன்னா இதை மனசுல வச்சிருக்கறவங்க நிறைய பேர் ஆஸ்பத்திரி உள்ளயும் இருக்காங்க.

1986ல மெட்ராஸ்லதான் இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிச்சாங்க. டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அவங்க மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழில்ல இருந்த பெண்கள்கிட்ட ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, வேலூருக்குக் கொண்டு போய் டெஸ்ட் பண்ணப்ப 6 பேருக்கு பாசிட்டிவ் வந்துச்சு. அதுக்கப்புறம் பழி மொத்தமும் அந்தப் பெண்கள் மேலயே விழுந்துச்சு. வியாதி இருக்குங்கற ஒரே காரணத்துக்காக பெண்களை காப்பகத்தை விட்டு வெளிய விடாம வச்சிருந்தாங்க, மெட்ராஸ் ஹைகோர்ட்டுல கேஸ் போட்ட பிறகுதான் விடுதலை. அவங்ககிட்ட வந்து போன ஆம்பளைங்களை யாரும் தேடவும் இல்ல, அடைக்கவும் இல்ல. அந்த ஆம்பளைங்க வீட்டுக்குப் போனாங்க, அங்க மனைவிக்கு வந்துச்சு, குழந்தைக்கு வந்துச்சு. மேல எழுதின தேனி தங்கச்சி என்ன தப்பு பண்ணாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டதா?

தப்பே பண்ணியிருந்தாலும் மருந்து குடுக்கணும்ங்கறதுதான் என் கட்சி. சிகரெட் பிடிச்சு ஹார்ட் அட்டாக் வந்தவரை யாரும் வாசல்ல நிறுத்தி விசாரிக்கறதில்ல. வரிப்பணம்னு கேட்டீங்களே, அதுக்கும் பதில் இருக்கு. ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வச்சு 9 நாடுகள்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, நம்ம சென்னையும் புனேவும் அதுல உண்டு. 2011ல முடிவு வந்துச்சு. மாத்திரையை சீக்கிரமே ஆரம்பிச்சவங்ககிட்ட இருந்து துணைக்குத் தொத்தறது 96 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. நீங்க குடுக்கற வரியில போற அந்த மாத்திரைதான் அடுத்த ஆளுக்கு வராம நிறுத்துது.

தொழுநோய்க்கு 12 மாச மாத்திரையில 7 மாசம் முடிச்சிட்டேன். படை எல்லாம் மங்கிடுச்சு, ஆனா முகம் கைகால் எல்லாம் கன்னங்கரேல்னு ஆகிடுச்சு. கடையில வேலை பார்க்கறேன், முதலாளி என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். மாத்திரையை விட்டுடலாமா?
– விழுப்புரம் பக்கம்

விடாதீங்க தம்பி, இன்னும் 5 மாசம்தான். கறுப்பாகறது நோயால இல்ல, அந்த அட்டையில இருக்கற குளோஃபாசிமின் மாத்திரையால. கோர்ஸ் முடிச்ச பிறகு மாசக்கணக்குல மெதுவா பழைய நிறம் திரும்பும். மாசம் ஒரு தடவை போடற ரிஃபாம்பிசினால அன்னைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும், அதுக்கும் பயப்பட வேண்டாம். வெயில்ல நேரா நிக்காதீங்க, தேங்காய் எண்ணெய் தடவுங்க. உங்ககிட்ட இருந்து யாருக்கும் இப்ப தொத்தாது, மருந்து ஆரம்பிச்ச உடனேயே அது நின்னாச்சு.

முதலாளிக்கு நோய் பேரு சொல்லணும்னு உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல, தோலுக்கு மாத்திரை சாப்பிடுறேன், அதான் கறுப்பாகுதுன்னு சொன்னா அது முழு உண்மை. கடையில வேலைன்னு எழுதியிருக்கீங்க, ஒண்ணு மட்டும் கவனிங்க, கையில உணர்ச்சி கம்மியா இருக்கற இடத்துல சூடு, வெட்டு பட்டா தெரியாது. விரல் போறது கிருமியால இல்ல, வலி தெரியாம கவனிக்காம விட்ட புண்ணாலதான். தினமும் ராத்திரி கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

2005லயே தொழுநோயை ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சதுல ஒரு கெடுதலும் நடந்துச்சு. பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழன்னுதான் அதுக்கு அர்த்தம், ஆனா டாக்டருங்களே இது முடிஞ்ச கதைன்னு நினைச்சு தேமல் மருந்து எழுதி அனுப்பிடுறாங்க. உலகத்துல புதுசா வர்ற தொழுநோயாளிகள்ல பாதிக்கும் மேல இன்னும் இந்தியாவுலதான். 1898ல வெள்ளைக்காரன் போட்ட, நோயாளியைப் பிடிச்சு அடைக்கற சட்டத்தை 2016லதான் எடுத்தாங்க, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேக்கலாம்ங்கறதை 2019லதான் எடுத்தாங்க. மாத்திரை 1980கள்லயே வந்துடுச்சு தம்பி.

நான் திருநங்கை. காய்ச்சல்னு போனா ஓ.பி.யில முதல் கேள்வியே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தியான்னு. அட்மிட் பண்ணினா ஆம்பளை வார்டுல போடறாங்க, ராத்திரி தூங்கவே முடியல.
– மதுரை

அம்மா, காய்ச்சலுக்கு வந்தா காய்ச்சலைத்தான் பார்க்கணும். சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாதுங்கறது உங்களுக்கும் சேர்த்துதான். 2014 ஏப்ரல் 15 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு உங்க பாலினத்தை நீங்களே முடிவு பண்ற உரிமையைச் சொல்லுது, ஆஸ்பத்திரியில தகுந்த வைத்தியம் கிடைக்க வழி பண்ணணும்னும் அரசுக்கு சொல்லியிருக்கு. திருநங்கைகளுக்கான 2019 சட்டத்துல மருத்துவத்துல பாகுபாடு காட்டக் கூடாதுன்னு நேராவே இருக்கு. இந்தியாவுலயே முதல்ல 2008ல திருநங்கைகளுக்கு நல வாரியம் வச்ச மாநிலம் நம்மளுது, அப்படி இருந்தும் கேஸ் ஷீட்டுல ஆணா பெண்ணான்னு ரெண்டே கட்டம்தான் பல இடத்துல. அட்மிஷன் போடறப்பவே ஆர்.எம்.ஓ.கிட்ட (ஆஸ்பத்திரி நிலைய மருத்துவர்) பெண்கள் வார்டுல இல்லன்னா தனி ரூம்ல போடச் சொல்லி எழுதிக் குடுங்க, அடையாள அட்டை ஜெராக்ஸும் வைங்க. பகல்லயே கேளுங்க, ராத்திரியில முடிவு எடுக்கற ஆள் இருக்க மாட்டாங்க.

எனக்கு 23 வயசு. பிறவியிலேயே பாசிட்டிவ். அம்மா அப்பா இல்ல, பாட்டிதான் வளர்த்தாங்க. இப்ப ஒரு கம்பெனியில வேலை. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்தான் மாத்திரை வாங்கறேன், சென்டர்ல குடுத்த பச்சை புக்குக்கு பேப்பர் அட்டை போட்டு வச்சிருக்கேன். கூட வேலை பார்க்கற பொண்ணும் நானும் விரும்பறோம். அவளுக்கு இன்னும் தெரியாது. கல்யாணத்துக்கு எனக்குத் தகுதி இருக்கா அக்கா?
– ஓசூர் பக்கம்

தகுதின்னு கேட்டிருக்கியேப்பா, படிச்சதும் ரொம்ப நேரம் அடுத்த கடிதத்துக்குப் போக முடியல. மூணு வயசுல பாட்டி மடியில உக்காந்து கசப்பு சிரப் குடிச்ச எத்தனையோ பிள்ளைங்களை எனக்குத் தெரியும், அதுல பல பேருக்கு இப்ப கல்யாணம் ஆகி குழந்தை இருக்கு, குழந்தை நெகட்டிவ்.

உன்னோட கடைசி வைரல் லோடு ரிப்போர்ட்டை எடுத்துப் பாரு. "டார்கெட் நாட் டிடெக்டட்"னு (ரத்தத்துல வைரஸ் தெரியலன்னு) இருந்து, அப்படியே தொடர்ந்து மாத்திரையும் ஒழுங்கா இருந்தா, உன்கிட்ட இருந்து உடலுறவு வழியா அவளுக்குத் தொத்தாது. ஐரோப்பாவுல நூத்துக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கா பார்த்தாங்க, அந்த நிலையில இருந்தவங்ககிட்ட இருந்து துணைக்குத் தொத்தினது ஒரு கேஸ் கூட இல்ல.

ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடணும். சட்டம் பேசல, அவ உன் கூட வாழப்போறவ, அதுக்காக. போன்ல சொல்லாத, கோபத்துலயும் சொல்லாத. சொன்ன அன்னைக்கே பதில் கேக்காத, அவளுக்கு பத்து நாள் ஆகலாம், ஒத்து வராமலும் போகலாம், போனாலும் உன் மதிப்பு அதுல இல்ல. கம்பெனி விஷயத்துல பயப்படாத, வேலைக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் கேக்கறதே சட்டப்படி கூடாது. ரெண்டு மூணு மாச மாத்திரையை ஒண்ணா குடுப்பாங்களான்னு சென்டர்ல கேட்டுப் பாரு, அலைச்சல் கொறையும்.

அவ சரின்னா கூட்டிக்கிட்டு நீ மாத்திரை வாங்கற சென்டருக்கே போ, கவுன்சிலர்கிட்ட அவளைத் தனியா பேச விடு, உன் முன்னாடி கேக்க கூச்சப்படற கேள்வி நிறைய இருக்கும். பச்சை புக்கை மறக்காம எடுத்துக்கோ. காலையில சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க ரெண்டு பேரும், டோக்கன் வாங்கி உக்காந்தா மதியம் ஆகிடும்.